வென்றார்க்கும் ஓர் எல்லை

அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் பேஸ்பால் ஆட்டத்தில் ‘இரக்க விதி’ என்று வழங்கும் விதியொன்று உண்டு. இரு கட்சியாருள் ஒருவர் மற்றவரினும் மிகப் பல ஓட்டங்கள் முந்திவிட்டால், எஞ்சிய ஆட்டத்தை ஆடாமலே வெற்றி தோல்வியை அறிவித்து நடுவர் முடித்துவிடுவார். சிறுவர்க்குரிய லிட்டில் லீக் ஆட்டம் ஆறு இன்னிங்ஸ் கொண்டது. அதில் மூன்று இன்னிங்ஸ் முடிவில் 15 ஓட்டமோ, நான்கின் முடிவில் 10 ஓட்டமோ வேற்றுமை இருந்தால் ஆட்டம் அத்துடன் நிற்கும். நாடுகள் எதிர்நின்றாடும் உலக பேஸ்பால் கிளாசிக் பந்தயத்தின் தொடக்கச் சுற்றுகளில், ஐந்து இன்னிங்ஸ் முடிவில் 15, ஏழின் முடிவில் 10 என்பது கணக்கு. 2023-ஆம் ஆண்டில் கொரியா நாட்டார் சீனரை 22-க்கு 2 என்னும் கணக்கில் வென்றபோது, ஒன்பது இன்னிங்ஸ் ஆடவேண்டிய ஆட்டம் ஐந்தாவதோடு முடிந்தது.

இவ்விதியைக் குறித்து ஈண்டு எழுதப் புகுந்தது, கள்ளக்குறிச்சித் திடல்களில் சடுகுடு மறைந்து பேஸ்பால் மட்டை புகுந்துவிட்டது என்பதனாலன்று. வலியாரும் மெலியாரும் ஒரு களத்தில் எதிர்ப்படும்போது, வலியார் எதுகாறும் செல்லலாம் என்னும் வினா எல்லா ஆட்டத்திற்கும் பொதுவானது. பேஸ்பால் அதற்கு எழுத்தில் ஒரு விடை வைத்திருக்கிறது. நம் ஊர் ஆட்டங்களில் அவ்விடை இல்லை. அது வேண்டுமா, வேண்டுமாயின் எவ்வடிவில் வேண்டும் என்பதே யாம் ஆராயக் கருதுவது.

முதலில், அவ்வாட்டத்திற்கு இவ்விதி ஏன் வேண்டுவதாயிற்று என்று காண்போம். பேஸ்பாலுக்கு இத்தனை நிமிடத்தில் முடியவேண்டும் என்னும் கால வரையறை இல்லை. மட்டை பிடிக்கும் கட்சியில் மூவர் ஆட்டமிழந்தாலன்றி அவர்தம் முறை முடியாது. எதிரே பந்தெறிபவன் மெலியனாயின், அம்மூவரை வெளியேற்றுவதற்குள் முப்பது ஓட்டம் போனாலும் போகும். அவன் தோள் ஓயும்வரை எறிந்துகொண்டே நிற்கவேண்டியதுதான். சடுகுடுவுக்கோ காலம் உண்டு. ஆடவர் ஆட்டமாயின் இருபது நிமிடம் வீதம் இரு பகுதி. மணி ஒலித்தால் எவ்வளவு பெரிய தோல்வியும் முடிந்துவிடும். ஆகவே கடிகாரமே அங்கு ஒருவகை இரக்கம் செய்கின்றது எனலாம். ஆயினும் நாற்பது நிமிடத்தில் ஒரு பள்ளிப் பிள்ளையின் மனத்தை முறித்துவிட முடியாதென்று யாரும் கூறார்.

இரக்க விதிக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகள் இரண்டு. ஒன்று, அது தோற்பவனை இழிவு செய்கின்றது என்பது. ‘நீ இனி ஆடத் தகுதியற்றவன், வீட்டுக்குப் போ’ என்று பலரறியச் சொல்லுதல் இரக்கமாகுமா என்று வினவுவர். மற்றொன்று, தோற்றுக்கொண்டிருப்பவன் மீண்டெழும் வாய்ப்பை அது பறிக்கின்றது என்பது. காசு கொடுத்துக் காண்போர்க்காகத் தொழின்முறையாளர் ஆடும் அமெரிக்க மேஜர் லீக் ஆட்டங்களில் இவ்விதி இல்லாமையையும் சான்றாகக் காட்டுவர். இரண்டும் எளிதில் தள்ளத்தக்க தடைகளல்ல. ஆதலின் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

தோற்றவனைத் தொடராது விடுதல் அவனை இழிவு செய்வதென்று நம் முன்னோர் கருதவில்லை. புறப்பொருள் வெண்பாமாலை வஞ்சிப் படலத்தில் தழிஞ்சி என்றொரு துறை வகுத்துள்ளது. போர்க்களத்தில் நிலைகுலைந்து புறங்காட்டுவார்மேல் படை ஓச்சாத மறப்பண்பைப் போற்றுவது அத்துறை. தொல்காப்பியத்தில் தழிஞ்சிக்குப் பொருள் வேறு. புண்பட்ட வீரரைத் தழுவிச் சிறப்பிப்பதை அது குறிக்கும். இரண்டு பொருளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அடித்தலை எங்கே நிறுத்துவது என்பதும், அடிபட்டவனை எவ்வாறு ஏற்பது என்பதும் வீரத்தின் பகுதிகளாகவே நம் இலக்கணத்தில் இடம்பெற்றன. அவை வீரத்திற்குக் குறைவென்று கருதப்படவில்லை.

கம்பர் காட்டும் முதற்போர் நாளையும் இங்கு நினைவு கூரலாம். தேரும் படைக்கலமும் முடியும் இழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனை இராமன் கொல்லவில்லை. அன்று சென்று மறுநாள் போருக்கு வருமாறு விடுத்தான். இச்செயலில் எதிரியை இகழ்தல் எங்கே இருக்கின்றது? ‘நாளையும் நீ எனக்கு எதிர்நிற்கத் தக்கவன்’ என்னும் மதிப்பன்றோ அதனுள் அடங்கியுள்ளது? இரக்க விதியால் முடிந்த ஆட்டமும் அத்தகையதே. அன்றைய கணக்கு அன்றோடு போயிற்று. மறுநாள் இருவர் எண்ணும் சுழியிலிருந்தே தொடங்கும்.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று 2009-ஆம் ஆண்டு உலக பேஸ்பால் கிளாசிக். மார்ச்சு 7-ஆம் நாள் டோக்கியோ நகரில் ஜப்பானியர் கொரியரை 14-க்கு 2 என வென்றனர். ஏழாவது இன்னிங்ஸோடு இரக்க விதி ஆட்டத்தை முடித்துவைத்தது. கொரியர் அதனால் தலை கவிழ்ந்து ஊர் திரும்பினரா? இரண்டே நாளில், அதே நகரில், அதே ஜப்பானியரை 1-க்கு 0 என வென்றனர். அப்பந்தயத்தின் இறுதியாட்டத்திலும் இவ்விருவரே எதிர்ப்பட்டனர். ஒன்பது இன்னிங்ஸில் வெற்றி தோல்வி தெரியாமல் பத்தாவது இன்னிங்ஸில்தான் ஜப்பானியர் 5-க்கு 3 என வென்றனர். முதல் நாள் பன்னிரண்டு ஓட்டத்தில் வீழ்ந்தவர், இறுதி நாளில் பத்தாவது இன்னிங்ஸ் வரை நின்றனர். நிறுத்தப்பட்ட தோல்வி அவர்களை அழிக்கவில்லை.

இனி, ‘இரக்கம் நல்லதே, அதை வென்றவனுடைய நல்லுள்ளத்திற்கு விட்டுவிடலாமே, விதி எதற்கு?’ என்பாரும் உளர். இதற்கு விடையாகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பழங்கதை ஒன்றே போதும். 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிந்த இம்மாவட்டத்தில் அடங்கியது திருக்கோவலூர். அது சங்க காலத்தில் மலையமான் மரபினர் நாடு. அம்மலையமானுடைய இளம் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் பிடித்து, யானையின் காலில் இட முற்பட்டான். கோவூர்கிழார் என்னும் புலவர் குறுக்கே நின்று, புறாவுக்காகத் துயர் ஏற்ற முன்னோனின் மரபில் வந்தவனென்று மன்னனுக்கு நினைவூட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையையும் மறந்து நிற்கும் அப்பிள்ளைகளைக் காட்டினார். பின், முடிவை மன்னனிடமே விட்டார். பிள்ளைகள் உய்ந்தனர்.

இச்செய்தியைப் பயிலுந்தோறும் புலவரின் நாநலத்தை வியக்கின்றோம், வியக்கத்தக்கதே. ஆயினும் வேறொரு வினாவும் எம்முள் எழுகின்றது. அன்று கோவூர்கிழார் அவ்விடம் வாராதிருந்தால்? வந்தும் மன்னன் செவி சாய்க்காதிருந்தால்? வென்றவனுடைய மனநிலையையும், நல்லோன் ஒருவன் தற்செயலாக அருகிருத்தலையும் நம்பி நிற்கும் இரக்கம், பிள்ளைகளின் உயிரை நூலில் தொங்கவிட்ட இரக்கம். தோற்றவன் அதைக் கேட்டுப் பெறவேண்டியிருக்கின்றது. கேட்டுப் பெறுவது பிச்சை. விதியால் வருவது உரிமை. இரக்க விதி தோற்பவனை இழிவு செய்கின்றது என்போர் இவ்வேறுபாட்டை நோக்குவாராக. இழிவு செய்வது வென்றவன் மனமிரங்கி இடும் இரக்கமே. இருவர்க்கும் பொதுவாக முன்னரே எழுதி வைத்த விதி யாரையும் இழிவு செய்வதில்லை.

நல்லுள்ளத்தை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்கு மற்றொரு சான்று அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் மாகாணத்தினின்று கிடைக்கின்றது. 2009-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அங்கே பெண்பிள்ளைகள் கூடைப்பந்தாட்டம் ஒன்றில், ஒரு கிறிஸ்தவப் பள்ளி, இருபது மாணவியரளவே கொண்ட சிறு பள்ளியொன்றை 100-க்கு 0 என வென்றது. பாதி ஆட்டத்திலேயே 59-க்கு 0. வென்ற பள்ளியே பின்னர் வெட்கி, பொதுவில் வருத்தம் தெரிவித்தது. அவ்வருத்தத்தை ஏற்கமாட்டேன் என்று வெளிப்படக் கூறிய பயிற்சியாளர் பணி நீங்க நேர்ந்தது. அன்பைக் கற்பிப்பதையே தன் பணியாகக் கொண்ட பள்ளிதான் அது. ஆயினும் ஆட்டத்தின் சூட்டில் நூறு புள்ளி ஏறும்வரை யாருக்கும் அது தோன்றவில்லை. நல்லோர்க்கும் விதி வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

விவிலியத்தின் உபாகமத்தில் குற்றவாளியை அடிப்பதற்கும் ஓர் எல்லை கூறப்பட்டுள்ளது. நாற்பது அடிக்கு மேல் ஆகாது. பிற்காலத்து யூதர், எண்ணிக்கை தவறிவிடுமோ என அஞ்சி, முப்பத்தொன்பதிலேயே நிறுத்தினர். அவ்வெல்லைக்கு அந்நூல் கூறும் காரணம் கருதத்தக்கது. அடிபடுபவனுக்கு வலிக்கும் என்று அது கூறவில்லை. அளவு மீறினால், அடிபடும் சகோதரன் அடிப்பவன் பார்வையில் இழிந்தவனாகிவிடுவான் என்கின்றது. அஃதாவது, அவ்வெல்லை அடிப்பவன் கண்ணையும் காக்கின்றது. குற்றம் செய்தவனுக்கே இவ்வெல்லை உண்டென்றால், பந்து பிடிக்கத் தவறியதும் மூச்சு நிற்காமல் பாடத் தெரியாததுமன்றி வேறு பிழையறியாத பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்! தோற்ற பிள்ளை அத்தோல்வியைச் சில நாளில் மறந்தாலும் மறப்பான். எழுபது புள்ளி முந்தி வென்றவனோ, எதிர்நின்றவனை மனிதனாகக் காணாத பார்வையொன்றை அன்று கற்றுக்கொள்கின்றான். அது எளிதில் மறப்பதன்று.

வேண்டுமென்றே தளர்ந்தாடலாமே என்பர் சிலர். தெரிந்தே பிடியை விடுவதும், பாடிச் செல்பவன் தானே வந்து அகப்படுவதும் தோற்பவனுக்குத் தெரியாமற்போகுமா? சிறு பிள்ளையும் அறிவான். அது பொய்யாட்டம், பொய்யாட்டத்தினும் பெரிய இகழ்ச்சி களத்தில் இல்லை. விதியொன்று இருந்தால், எல்லை வரும்வரை வலியாரும் தம் முழுத்திறத்தோடு ஆடலாம். மெய்யாட்டம் கெடாமலே இரக்கமும் நிகழும்.

இனி இரண்டாம் தடைக்கு வருவோம். மீண்டெழும் வாய்ப்பு என்றவுடன் நம் நாட்டார் 2001-ஆம் ஆண்டு கல்கத்தா கிரிக்கெட் ஆட்டத்தைக் கூறுவர். ஆஸ்திரேலியர் 445 ஓட்டம் எடுக்க, இந்தியர் 171-இல் சுருண்டனர். 274 ஓட்டம் பின்தங்கியவரை எதிர்க்கட்சித் தலைவர் தொடர்ந்து மட்டை பிடிக்கச் செய்தார். அதன்பின் லட்சுமணன் 281, திராவிட் 180. இந்தியர் 171 ஓட்ட வேறுபாட்டில் வென்றனர். அடுத்துச் சென்னைச் சேப்பாக்கத்திலும் இரண்டு விக்கெட்டில் வென்று தொடரையே கைக்கொண்டனர். இரக்க விதி இருந்திருந்தால் இவ்வரலாறு ஏது என்று கேட்பர்.

கேள்வி நேரியதே. ஆனால் அக்களத்தில் நின்றவர் யாவர்? உலகின் முதல்தரத்தார் இரு கட்சியார். அன்று ஒருவர் தாழ்ந்தது காலத்தின் கோலம், வன்மையின் குறைவன்று. அத்தகையோர்க்கு இரக்க விதி வேண்டுவதில்லை. அதனால்தான் மேற்கூறிய 2009-ஆம் ஆண்டு பேஸ்பால் பந்தயத்திலும் முதலிரு சுற்றுகளுக்கு மட்டுமே இவ்விதி பொருந்திற்று; வடித்தெடுத்த வலியார் மோதும் இறுதிச் சுற்றுக்கு அது இல்லை. சமமானவர்க்குக் காலம் கொடு, சமமற்றவர்க்கு எல்லை கொடு என்பதே அதன் கருத்து.

சமமானவரிடையேயும் எல்லையை அறிந்து வைத்தால் மீட்சி கெடாது என்பதற்கு மற்போரைக் காட்டலாம். ஒலிம்பிக் மற்போரின் ஒரு வகையில் பத்துப் புள்ளி முந்தினால் போர் முடிந்தது. இதுவும் இரக்க விதியே. 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நம் நாட்டு இரவி தஹியா, அரையிறுதியில் கஜகஸ்தான் வீரரிடம் 2-க்கு 9 எனப் பின்தங்கினார். வேற்றுமை ஏழு, எல்லைக்கு இன்னும் மூன்று. அம்மூன்றுக்குள் நின்று மீண்டு, எதிரியின் முதுகை மண்ணில் படியவைத்து வென்றார். எல்லை ஐந்தில் இருந்திருந்தால் அவ்வெற்றி இல்லை. ஆகவே இரண்டாம் தடை, இரக்க விதியே வேண்டாவென்று காட்டவில்லை. எல்லையை அவசரப்பட்டு நெருக்கி வைக்கலாகாது என்பதையே காட்டுகின்றது.

இவ்விரு தடைகளும் நீங்கினாலும் மூன்றாவது ஒன்று எஞ்சி நிற்கின்றது. அதை நூலறிந்தார் அதிகம் கூறுவதில்லை; மலையறிந்தார் உடனே கூறுவர்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கின்றது. கரும்பு விளையும் சமவெளியைக் கடந்து, கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைக்கும் மலைவாழ் மக்கள் அங்குச் சிதறிய சிற்றூர்களில் வாழ்கின்றனர். 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர்தாரர் கையில் இருந்த மலை அது. ஒருவர் மனம்போனபடி அருளவும் ஒறுக்கவும் கூடிய ஆட்சிக்கும், எழுதிய சட்டத்தின் ஆட்சிக்கும் உள்ள வேறுபாட்டை அம்மலைக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை.

அம்மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் எழுவர் சடுகுடு ஆடக் கீழே இறங்கி வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்படுவது, ஆயிரம் பேர் பயிலும் நகரப் பள்ளியினின்று பொறுக்கி எடுத்த கட்சி. இரண்டுக்கும் சமம் என்று சொல்லத்தக்கது கோட்டின் அளவு ஒன்றே. பாதி ஆட்டத்திற்குள் கணக்கு கைமீறிப் போகின்றது. இப்பொழுது இரக்க விதி என்று நடுவர் ஊதலை ஊதி, ‘முடிந்தது, போகலாம்’ என்றால், அப்பிள்ளைகளுக்கு அது இரக்கமா? விடியலில் எழுந்து, மலையிறங்கி, பேருந்தில் நெடுவழி வந்தவர்க்குக் கிடைத்தது இருபது நிமிடம். ஆட வந்தவனிடம் ஆட்டத்தையே பறிப்பது இரக்கமாகாது. இதுவே மூன்றாம் தடை. எம் கருத்தில் உண்மையான தடை இதுவே.

ஜப்பான் நாட்டில் இதற்கொரு சான்று உண்டு. 1998-ஆம் ஆண்டு அங்கே ஆவோமோரி மாகாணப் பள்ளிப் பந்தயத்தில் ஃபுகவுரா என்னும் கடலோரச் சிற்றூர்ப் பள்ளி, பத்தே ஆட்டக்காரரோடு பேஸ்பால் ஆட வந்தது. முதல் இன்னிங்ஸிலேயே எதிர்க்கட்சி 39 ஓட்டம் எடுத்தது. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவில் கணக்கு 93-க்கு 0. அக்காலத்து அப்பந்தய விதிப்படி ஏழு இன்னிங்ஸ் ஆடினாலன்றி ஆட்டத்தை இடையில் முடித்தற்கில்லை. இடையிலே விட்டுவிடலாமா என்று பிள்ளைகளைக் கேட்டபோது, அவர்கள் தொடர்ந்தாடவே விரும்பினர். முடிவு 122-க்கு 0.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் அவ்வெண்ணைக் கண்டு வியப்பர். யாம் அப்பிள்ளைகளின் விடையைக் கண்டு வியக்கின்றோம். அவர்கள் விரும்பியது ஆட்டத்தை. 93-ஐ 122 ஆக்குவதை யாரும் விரும்பியிரார். ஆட்டமும் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தமையால், ஒன்றை வேண்டினோர் மற்றொன்றையும் சுமக்க நேர்ந்தது. இப்பிணைப்பை அவிழ்த்தாலென்ன? எண்ணிக்கையை நிறுத்துவோம், ஆட்டத்தை நிறுத்தவேண்டா. இதுவே இக்கட்டுரையால் யாம் வற்புறுத்துவது.

சடுகுடுவின் அமைப்பே இதற்கு இடந்தருகின்றது. ஆட்டமிழந்தவன் வெளியே அமர்கின்றான். தன் கட்சி எதிரி ஒருவனை வீழ்த்தினால்தான் உள்ளே வருகின்றான். ஆதலின் மெலிந்த கட்சி, ஆள் குறையக் குறைய மேலும் மெலியும். இச்சுழலை உடைப்பது லோனா. எழுவரும் வெளியேறினால் எதிர்க்கட்சிக்கு இரண்டு புள்ளி மிகுதி; ஆயினும் எழுவரும் உடனே களம் புகுவர். விழுந்தவரையெல்லாம் ஒருங்கே எழுப்பிவிடும் இவ்விதி நம் ஆட்டத்தின் பேரழகு. ஆனால் வலிமை வேறுபாடு மிகுந்தவிடத்து, எழுந்தவர் மீண்டும் விழுவதற்கே எழுகின்றனர். லோனாவின்மேல் லோனா ஏறுகின்றது. ஆளை மீட்கும் விதி இருக்கின்றது; மானத்தை மீட்கும் விதி இல்லை.

எனவே பள்ளிகளுக்கிடையே நிகழும் தொடக்கச் சுற்றுகளுக்குப் பின்வரும் முறையை எண்ணிப் பார்க்குமாறு விளையாட்டாசிரியர்களை வேண்டுகின்றோம். எழுவர் வீழ்ச்சிக்கு ஏழும், லோனாவுக்கு இரண்டுமாக, ஒரு லோனாவின் அளவு ஒன்பது புள்ளி. மூன்று லோனாவின் அளவாகிய 27 புள்ளி வேற்றுமை முதற்பகுதி முடிவிலோ அதன்பின்போ நேர்ந்தால், வெற்றி தோல்வி அப்பொழுதே அறிவிக்கப்படுக. பலகையில் எண் அவ்வளவில் நிற்க. எஞ்சிய நேரத்தில், அதுவரை ஓரத்தில் அமர்ந்திருந்த பிள்ளைகள் இரு கட்சியிலும் களம் புகுக. வேண்டின் இரு பள்ளியாரும் கலந்து ஆடுக. அதற்குக் கணக்கு வேண்டா. தோற்கும் கட்சித் தலைவன், ‘எண்ணிக்கையோடே ஆடுவோம்’ என்று விரும்பினால், அவ்வாறே நடக்க. அத்தெரிவு அவனுக்கே உரியது. வென்றவனுக்கோ நடுவருக்கோ உரியதன்று. அவ்வாறாயின், ஃபுகவுராப் பிள்ளைகள் போன்ற நெஞ்சுரத்தார்க்கும் வழி அடையாது.

மற்றொன்றும் கூறவேண்டும். பல பந்தயங்களில் சமநிலை நேர்ந்தால், மொத்தப் புள்ளி வேற்றுமையைக் கொண்டு முந்தியவரைத் தெரிகின்றனர். அவ்விடத்தில் வென்ற கட்சி இரக்கம் காட்டினால் தன் இடத்தையே இழக்கக்கூடும். ‘இரக்கம் காட்டு’ என்று அறிவுரை கூறிக்கொண்டே, காட்டாதவனுக்குப் பரிசளிக்கும் முறை இது. எல்லைக்கு மேற்பட்ட வேற்றுமையைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டால் இக்குறை நீங்கும்.

பிள்ளைகளைத் துன்பமறியாது வளர்த்தால் நெஞ்சுரம் எங்கிருந்து வரும் என்று பெரியோர் சிலர் கேட்கலாம். தோல்வி நல்லாசிரியன் என்பதை யாமும் ஒப்புவோம். 27 புள்ளித் தோல்வியும் தோல்விதான். அது கற்பிக்கவேண்டிய பாடத்தையெல்லாம் கற்பித்துவிடும். அதற்கு மேலேறும் ஐம்பதும் அறுபதும் என்ன பாடம் கற்பிக்கின்றன? ‘இனி மலையிறங்கி வராதே’ என்னும் ஒரே பாடத்தை. அப்பாடத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்த ஆண்டு களத்திற்கு வாரான். அவன் வாராமையால் குறைவது அவன் மட்டுமல்லன். எதிர்நிற்க ஆளில்லாத களத்தில் வலியானும் வளர்வதில்லை.

வெற்றிக்கு விதிகள் பல நம் விளையாட்டு நூல்களில் உள்ளன. வென்றபின் எங்கே நிற்பது என்பதற்கும் ஒரு விதி அவற்றில் ஏறுக. புலவரொருவர் வந்து பரிந்து பேசினால்தான் பிள்ளைகள் காக்கப்படுவர் என்னும் நிலை பழங்காலத்தோடு போகட்டும். கல்வராயன் மலைப்பிள்ளை, பெரிய தோல்வி ஒன்றை ஏற்ற மாலையிலும், தன்னை வென்றவனோடு தோள்சேர்ந்து மணி ஒலிக்கும்வரை ஆடிவிட்டு, அடுத்த ஆண்டும் வருவேன் என்று சொல்லிப் பேருந்து ஏறுவானாயின், அப்பந்தயத்தை நடத்தியவர்க்கு அதனினும் சிறந்த கோப்பை வேறில்லை.